கப்பலேறிப் படித்த பிள்ளைகள்

தலைமன்னார் பியரில் ஒரு முனையை வைத்து வரைபடத்தில் நூல் பிடித்துப் பாருங்கள். கொழும்பைவிட மதுரை கிட்ட, திருச்சியும் கிட்ட. ஆனாலும் எங்கள் மன்னார்த் தீவில் ஒரு பிள்ளை கொழும்புக்குப் படிக்கப் போனால் அது ஒரு செய்தியே இல்லை. திருச்சிக்குப் போனால் "வெளிநாட்டில படிக்கிறான்" என்று கோயில் வாசலில் நின்று கதைப்பார்கள். அந்த வெளிநாடு எப்போது வெளிநாடானது என்று எனக்கு ஓரளவு தெரியும். என் அப்பா தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்கு ஓடிய கப்பலின் துறையிலேயே வேலை பார்த்தவர். பிறகு நானும் அதே கப்பலில் ஏறிப் படிக்கப் போனேன்.

இலங்கையிலிருந்து படிக்கப் போவது ரயிலுக்கும் கப்பலுக்கும் முந்திய பழக்கம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் பட்டதாரிகளாக வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல்தான் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல். அதுவரை பட்டம் வேண்டுமென்றால் ஒன்றில் இங்கிருந்தபடியே வெளியூர்ப் பல்கலைக்கழகங்களின் சோதனை எழுதவேண்டும், அல்லது கடல் தாண்டவேண்டும். தோணியில் போனவர்கள் காற்றைப் பார்த்துப் போனார்கள். சோளகம் ஒரு கணக்கு, வாடை ஒரு கணக்கு.

1914 பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டில் எங்கள் பக்கத்தில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் பியர் வரை தண்டவாளம் ஓடத் தொடங்கியது. நடுவில் இருந்த கடலுக்குத் தென்னிந்திய ரயில்வே கப்பல் விட்டது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று வைஸ்ராய்களின் பெயர் வைத்த கப்பல்கள். பிறகு இர்வின், கோஷன் வந்தன. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு இரண்டு மணி நேரம். எழும்பூரில் ஏறுகிறவர் கொழும்பு கோட்டை வரைக்கும் ஒரே டிக்கெட் வாங்கலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத்தான் சுற்று: மதவாச்சி வரை தெற்கே போய், அங்கே கோச்சி மாறி, செட்டிகுளம், மடு றோட், முருங்கன் என்று மேற்கே திரும்பித் தீவுக்குள் வரவேண்டும்.

அப்பா பியரில் பார்சல் கந்தோரில் கிளாக்கர். ஜூன் மாதம் பிறந்தால், அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் திறக்கிற காலம், கந்தோர் வாசலில் றங்குப்பெட்டிகள் குவியும் என்பார். பெட்டி கொஞ்சம் ஈரமாக இருந்தால் மீன், எறும்பு மொய்த்தால் பனங்கட்டி. யாழ்ப்பாணத்துப் பெட்டியில் பருத்தித்துறை வடையும் புளுக்கொடியலும் பனாட்டும். எங்கள் தீவுப் பெட்டி என்றால் கருவாட்டு மணம் பூட்டைத் தாண்டி வரும். அவர் ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார். முதல் தரம் போகிற பிள்ளை பெட்டியைவிட்டு அசையமாட்டான். மூன்றாம் தரம் போகிறவன், "ஐயா, ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று பெட்டியை அவரிடம் தள்ளிவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவான். பெட்டிமேல் குந்தியிருக்கிற பிள்ளைக்கு அப்பா தானே தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுப்பார். "தம்பி, கப்பல் உன்னை விட்டிட்டுப் போகாது, குடி" என்று சொல்வாராம்.

அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு இல்லை. இருந்தது நோய்ப் பயம். இலங்கை அரசு இந்தியக் கரையிலேயே, மண்டபத்தில், முகாம் ஒன்று நடத்தியது. தோட்டத்துக்கு வருகிற தொழிலாளர்கள் அங்கே நாட்கணக்கில் அடைபட்டு, அம்மை குத்தி, மருந்துத் தண்ணியில் குளித்த பிறகுதான் கப்பலுக்கு விடப்பட்டார்கள். விடுமுறைக்கு வருகிற மாணவனை டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்து அனுப்பிவிடுவார். "சப்பாத்துக் காலுக்கு ஒரு நீதி, வெறுங்காலுக்கு ஒரு நீதி" என்று அப்பா சொல்லுவார். இந்தக் கரையில் படிப்பு என்பது முதலில் ஒரு வகுப்பு டிக்கெட்தான். அதை மறந்துவிட்டு மாணவனின் கஷ்டத்தை மட்டும் எழுதுவது சரியல்ல.

அந்த டிக்கெட்டில் போனவர்கள் எத்தனையோ வகை. சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு தமிழுக்கும் இசைக்கும் அதுவே வழியானது. விபுலாநந்த அடிகள் 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராகப் போனார். வடக்கில் 'சங்கீத பூஷணம்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட பாட்டு வாத்தியார்கள் அங்கே படித்து வந்தவர்கள். கத்தோலிக்கரான எங்களுக்குப் பெருமையாகச் சொல்ல ஒருவர் இருக்கிறார். உரோமையில் படித்துக் குருவானவராகிய தனிநாயகம் அடிகள், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, 1945இல் அண்ணாமலையில் தமிழ் படிக்க மாணவராகப் போய்ச் சேர்ந்தார். எம்.ஏ., பிறகு எம்.லிட். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளை உண்டாக்கின மனிதர், இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து தமிழ் படித்தார் என்பதை என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். அவர்கள் நம்பமாட்டார்கள்.

1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் அடுத்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதோடு பியரில் ஒரு மேசை கூடியது, பிறகு இரண்டு, மூன்று. கடல் அதே அகலத்தில்தான் கிடந்தது; மேசைகளைக் கடக்கத்தான் நேரம் கூடிக்கொண்டே போனது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு கடலுக்குள் போனது. அது நத்தார் விடுமுறைக் காலம் என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்லவேண்டும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இந்தியாவில் படிக்கிற பிள்ளைகளை எதிர்பார்த்திருந்த தாய் தகப்பன்மார், தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால், நேரே அப்பாவைத் தேடி வந்தார்கள். அவருக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களைக் கந்தோருக்குள் இருத்திவைத்து, தெரியாது என்பதையே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கப்பல் தனுஷ்கோடியை விட்டு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. இரண்டு மணி நேரப் பயணம் மூன்றுக்கு மேலானது.

இனி என் கதை. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மூலம் எழுதியவர் 250 புள்ளி எடுக்கவேண்டும், சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு 229 போதும். நான் மருத்துவம் கேட்கவில்லை, விஞ்ஞானம்தான் கேட்டேன், அதுவும் கிடைக்கவில்லை. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது யாழ்ப்பாணம் அடிபட்டது, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு உண்மையில் கதவு திறந்தது. இதை யாழ்ப்பாணத்து நண்பர்கள் முன் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் விஞ்ஞானம் படிப்பிக்க வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடங்களுக்குக் கோட்டா வந்து என்ன செய்யும்? எனக்கோ அது வந்தபோது காலம் கடந்திருந்தது. நான் 1972இலேயே திருச்சிக்குப் போய்விட்டேன்.

பேசாலையில் வெற்றி மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு ஏறியது நினைவிருக்கிறது. பியரில் சுங்கத்துக்குக் காலையில் போய் வரிசையில் நின்றால் கப்பல் புறப்படப் பின்னேரமாகும். கையில் எடுத்துப் போகக்கூடிய காசு, பேச்சுக்குக்கூடக் காசு என்று சொல்லமுடியாத அளவு. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலம். தனியார் செலவில் பி.எஸ்சி. படிக்கப் போகிறவனுக்கு மாதாமாதம் வங்கி வழியாகக் காசு அனுப்ப அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. அதற்கு இந்தக் கரை தன் வழியைக் கண்டிருந்தது. மன்னார் பஜாரில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் அப்பா இலங்கைக் காசைக் கொடுப்பார். கீழக்கரையில் இருக்கிற அவருடைய மச்சான் எனக்கு மணியோடர் அனுப்புவார். கடதாசியில்லை, கையெழுத்தில்லை. ஒரு சதம் குறைந்ததில்லை. தாமதம் மட்டும் உண்டு.

அந்தத் தாமதம்தான் என்னைத் தின்றது. விடுதிச் சாப்பாட்டறை வாசலில் ஒரு கரும்பலகை. மாதம் பத்தாம் தேதிக்குப் பிறகு, மெஸ் பாக்கி வைத்திருப்பவர்களின் அறை எண், பெயர், தொகை சோக்கட்டியால் எழுதப்படும். என் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'சிலோன்' என்று போடுவார்கள், அதே பெயரில் தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் இருந்ததால். அவன் நல்லவன், ஆனாலும் தன் மானத்தைக் காக்க அந்த அடைப்புக்குறியை அவனே போய் எழுதச் சொன்னான் என்று பிறகு அறிந்தேன். பலகையில் பெயர் இருக்கிற நாட்களில் எல்லோரும் சாப்பிட்டு முடிகிற நேரம் பார்த்துப் போவேன். சாம்பாரில் அப்போது தண்ணிதான் மிஞ்சியிருக்கும். பெட்டிக்குள் சீலைத்துண்டில் முடிந்துவைத்திருந்த கராம்பை இரண்டு தரம் காந்தி மார்க்கெட்டில் விற்றேன். வாங்கினவர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து, "சிலோன் சரக்கா தம்பி?" என்று கேட்டார். அதற்கு ஒரு மதிப்பு இருந்தது.

வீட்டுக் கடிதம் வர இரண்டு கிழமை ஆகும். 1973, 74இல் இலங்கையில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. பாணுக்கு விடியப்புறம் வரிசை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோனால் பொலிஸ் மறிக்கும். அம்மாவின் கடிதத்தில் இது ஒன்றும் இருக்காது. "மரவள்ளி இந்த முறை நல்ல மலிவு" என்று எழுதுவார். அடுத்த கடிதத்திலும் மரவள்ளி. அதற்கடுத்ததில் மரவள்ளி அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுத் தம்பி விரும்பிச் சாப்பிடுகிறான் என்று. தம்பிக்கு மரவள்ளி பிடிக்காது. எனக்கு விளங்கியது. நாளுக்கு இரண்டு நேரம் வெள்ளைச் சோறு சாப்பிட்டுக்கொண்டு அதைப் படிப்பது ஒரு தண்டனை. நான் என் கடிதத்தில் கரும்பலகையைப் பற்றி எழுதவில்லை. இரண்டு பக்கமும் பொய் எழுதி ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

விடுதி முழுக்க இலங்கை வானொலிப் பைத்தியம். புதுக்கோட்டைப் பையன்கள் கே. எஸ். ராஜாவின் அறிவிப்பை மூச்சு விடாமல் அப்படியே ஒப்பிப்பார்கள். அவர்களுக்குப் பாட்டு வேண்டும். எனக்கு வேண்டியது நடுவில் வருகிற விளம்பரம்: கொழும்புக் கடைகளின் தெருப் பெயர்கள். மரண அறிவித்தல் தொடங்கினால் மட்டும் இலங்கைப் பிள்ளைகள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அப்படித்தான் எங்களுக்குள் ஒருவன், மன்னார் பெருநிலத்துப் பிள்ளை, தகப்பன் இறந்ததை வானொலியில் கேட்டான். வீட்டுத் தந்தி எங்கேயோ சிக்கிப் பிறகு வந்தது. அது வாடைக்காலம், கப்பல் ஓடவில்லை. திருச்சிக்கும் பலாலிக்கும் விமானம் பறந்த காலம்தான். அந்தக் காசு எவரிடம் இருந்தது?

அதற்குப் பிறகு அவன் சாப்பிட வருவான், வகுப்புக்கு வருவான், பேசமாட்டான். பின்னேரமானால் ஜங்ஷனுக்கு நடந்துபோய் இராமேஸ்வரம் வண்டி புறப்படுவதைப் பார்த்துவிட்டு வருவான். நாங்கள் முதலில் பகிடி பண்ணினோம். பிறகு முறை வைத்துக்கொண்டு கூடப் போனோம். சோதனைத் தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபோதுதான் விடுதிப் பொறுப்பாளருக்குத் தெரிந்தது. கப்பல் திரும்ப ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போகிற இன்னொருவனோடு அனுப்பிவைத்தார். அவன் திரும்பி வரவில்லை. இன்றைக்கு அதற்கு மன அழுத்தம் என்று பெயர் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது, ஒரு மாத்திரையாவது இருக்கிறது. அன்றைக்கு "பிள்ளைக்கு ஊர் நினைப்பு" என்று சொல்லி, புனித அந்தோனியார் கயிறு ஒன்று கட்டிவிட்டோம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று. அது கப்பலிலேயே நடந்தது. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும். நான் படிக்கப் போய்வந்த வருசங்களில் அந்த மலையக மக்கள் கப்பல் நிறைய வந்தார்கள். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள் 'தாயகம் திரும்புகிறார்கள்'. அம்மிக்கல்லைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்த ஒரு தாய், கடலை முதன்முதலாகப் பார்த்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். என்னிடமிருந்த தேசிக்காயைக் கொடுத்தேன். மணந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"தம்பி படிக்கப் போறீங்களா?"

"ஓம் அம்மா."

"படிச்சிட்டுத் திரும்பி வந்துருவீங்கதானே?"

"வந்திடுவன்."

"நாங்க வர ஏலாதே தம்பி" என்றார். குறை சொல்கிற குரலில்லை. கணக்குச் சொல்கிற குரல். இராமேஸ்வரத்தில் அவர்களை மண்டபம் முகாமுக்கு வேறாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். என் பாட்டன் காலத்துத் தொழிலாளர்கள் அடைபட்டுக் கிடந்த அதே மண்டபம். அன்றைக்கு என் மெஸ் பாக்கியைப் பற்றிக் கவலைப்பட வெட்கமாக இருந்தது. ஒரு கிழமைதான், பிறகு பத்தாம் தேதி வந்தது.

1977க்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் கப்பல் வியாபாரக் கப்பலாயிற்று; நைலெக்ஸ் சேலையும் கசற்றும் சென்ட்டும் அந்தப் பக்கம், எவர்சில்வர் பாத்திரம் இந்தப் பக்கம். மாணவனின் றங்குப்பெட்டியும், 'குருவி' எனப்பட்ட கைச்சரக்கு வியாபாரியின் பெட்டியாகவே சோதிக்கப்பட்டது. 1983 ஜூலைக்குப் பிறகு போனவர்கள் படிக்கவா தப்பவா போகிறோம் என்று தங்களுக்கே தெரியாமல் போனார்கள். எண்பதுகளின் நடுவில் கப்பல் நின்றது. 1990 ஜூனில் சண்டை மூண்டபோது தலைமன்னார், பேசாலைச் சனம் மீன்பிடி வள்ளங்களில் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. அந்த ஒக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். பஜார் நானாவின் கடை அன்றோடு மூடியது, அவர் பேரப்பிள்ளைகள் புத்தளத்து முகாமில் இருந்து படித்தார்கள். எனக்குக் காசு கடத்தித் தந்து படிப்பித்த மனிதருக்கு நாங்கள் செய்த கைம்மாறு இது என்று எழுதுவதற்கு எனக்குத் தயக்கமில்லை. நான் படிப்பித்த பிள்ளைகள் சிலர் மண்டபத்தில் அகதிகளாக இருந்து அங்கே கல்லூரிக்குப் போனார்கள். ராஜீவ் காந்தி 1991இல் கொல்லப்பட்ட பிறகு அவர்களுக்குச் சில காலம் கல்லூரிக் கதவுகள் அடைக்கப்பட்டன.

2015 மார்ச்சில் தலைமன்னார் பியருக்குக் கோச்சி திரும்ப வந்தது. கப்பல் வரவில்லை. 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டதும் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில். இன்றைக்கு எங்கள் தெருப் பிள்ளை ஒன்று திருச்சியில் படிக்கிறது. தெற்கே கட்டுநாயக்கா வரை இரவு முழுக்க பஸ்ஸில் போய், அங்கே விமானம் ஏறி, திரும்ப வடக்கே வருகிறது. தாய் தினமும் வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறார். பிள்ளை தினமும் "ஓம்" என்கிறது. அந்த "ஓம்" எவ்வளவு உண்மை என்று கேட்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கட்டும்.

தோட்டத் தொழிலாளர் வந்த பாதையைப் பற்றியும், கப்பலைப் பற்றியும், புயலைப் பற்றியும் புத்தகங்கள் இருக்கின்றன. அதே கப்பலில் போய்வந்த பிள்ளைகளின் அன்றாடம் எங்கும் ஒழுங்காகப் பதிவாகவில்லை. மன்னாரில் இடம்பெயராத வீடு இல்லை என்பதால் இருந்த கடிதங்களும் பெரும்பாலும் போய்விட்டன. அப்பா வைத்திருந்த பார்சல் துண்டுகளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பக்கம் படித்திருந்தால், ஒரு விடுதிக் கடிதமோ, மணியோடர் துண்டோ, பழைய கப்பல் டிக்கெட்டோ பெட்டியடியில் கிடக்கும். கரையான் தின்ன முதல் அதை எடுத்து, யாருடையது, எந்த வருசம் என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். 'நூலகம்' நிறுவனத்தார் இப்படிப்பட்டவற்றை ஸ்கேன் பண்ணி இணையத்தில் பாதுகாக்கிறார்கள். அவர்களிடம் ஒரு படி கொடுங்கள். படித்தவர் இன்னும் உயிரோடு இருந்தால், முதலில் அவரைக் கதைக்க வையுங்கள்.